ஸ்கெனக்டடியில் மூடினார்கள், பொன்மலையில் ஓட்டினார்கள்

ஆல்கோ என்கிற அமெரிக்க ரயில் இன்ஜின் கம்பெனி 1969-ல் இழுத்து மூடப்பட்டது. அந்தக் கம்பெனியின் வரைபடங்களை வைத்துக்கொண்டு வாரணாசியில் அதற்குப் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் இன்ஜின் செய்துகொண்டிருந்தார்கள். எழுபதுகளிலிருந்து 2010 வரைக்கும் தமிழ்நாட்டில் டீசல் ரயிலில் போனவர்கள் அநேகமாக எல்லோருமே ஆல்கோவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து போயிருப்பார்கள். பெயர் தெரிந்திருக்காது. இன்ஜின் மேல் எழுதியிருந்தது பொன்மலை, ஈரோடு, தண்டையார்பேட்டை என்று ஷெட் பெயர்தானே.

இப்போது அவை வேகமாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. செய்த கம்பெனி போன பிறகு ஒரு இன்ஜின் எதனால் இவ்வளவு காலம் தாங்கியது, இப்போது எதனால் முடிகிறது என்று எழுதிவைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் எண்ணம். என் பெரியப்பா பொன்மலை டீசல் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தெரிந்தது. மீதி, அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நானாகத் தேடிப் படித்தது.

முதலில் அமெரிக்கக் கதை. நியூயார்க் மாநிலத்தில் மோஹாக் ஆற்றங்கரையில் ஸ்கெனக்டடி என்று ஒரு ஊர். 1901-ல் அங்கிருந்த இன்ஜின் தொழிற்சாலையும் வேறு ஏழு சின்னக் கம்பெனிகளும் சேர்ந்து அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி ஆனது. சுருக்கமாக ஆல்கோ. நீராவிக் காலத்தில் இவர்கள் ஜாம்பவான்கள். 1941-ல் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக ‘பிக் பாய்’ என்ற ராட்சத நீராவி இன்ஜினைச் செய்துகொடுத்தது இவர்கள்தான்.

நீராவியைக் கட்டிக்கொண்டு அழுததால்தான் ஆல்கோ போனது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக், இங்கர்சால்-ரேண்ட் என்ற இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து ஆல்கோ செய்த டீசல் இன்ஜின் 1925-லேயே நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வேயில் வேலைக்குப் போய்விட்டது. அது 1957 வரை உழைத்தது. இன்று பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1941-ல் வந்த ஆர்எஸ்-1 இன்னும் முக்கியமானது. நீளமான ஒரு மூக்கு, அதற்கப்புறம் டிரைவர் அறை, அதற்கப்புறம் குட்டையான இன்னொரு மூக்கு, இருபக்கமும் நடைபாதை. ஷண்டிங்குக்கும் சரி, மெயின் லைனுக்கும் சரி, இரண்டுக்கும் ஒரே இன்ஜின். நம் ஊர் டீசல் இன்ஜின் என்று கண்ணை மூடினால் மனதில் வரும் உருவம் இருக்கிறதே, அதன் வம்சாவளி அங்கே ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்க ராணுவம் முதலில் செய்த ஆர்எஸ்-1-களை எடுத்துக்கொண்டு, மாற்றி அமைத்து, ஈரான் ரயில்பாதைக்கு அனுப்பிவிட்டது.

கெடுதல் போருக்குப் பிறகு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் இஎம்டி பிரிவு சந்தையை அள்ளிக்கொண்டு போக, அதைப் பிடிக்கிற அவசரத்தில் ஆல்கோ, ரயில் இன்ஜினுக்குள் இருந்து சக்தி கொடுக்கிற 244 என்ற டீசல் இயந்திரத்தைப் போதுமான சோதனை இல்லாமல் இறக்கியது. கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. டர்போ சார்ஜர் போனது. நடுவழியில் நின்ற ரயிலுக்கு மாற்று இன்ஜின் அனுப்பி அனுப்பி ரயில்வேக்காரர்கள் நம்பிக்கை இழந்தார்கள். அதை விட்டுவிட்டு 1950-களின் நடுவில் ஆல்கோ கொண்டுவந்த 251 நல்ல இன்ஜின், மிக நல்ல இன்ஜின். ஆனால் கெட்ட பெயர் அதற்கு முன்பே ஊரெல்லாம் பரவியிருந்தது.

இன்னொரு அடியும் விழுந்தது. டீசல் இன்ஜின் என்பது உண்மையில் ஓடுகிற மின்நிலையம். டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் கொடுக்கிற கரண்டில் சக்கரத்து மோட்டார்கள் ஓடும். ஆல்கோவுக்கு அந்த மின்சார பாகங்களைக் கொடுத்தது ஜெனரல் எலக்ட்ரிக், அதுவும் அதே ஸ்கெனக்டடி ஊர்க் கம்பெனி. 1953-ல் இருவரும் பிரிந்தார்கள். சில வருடங்களில் ஜெனரல் எலக்ட்ரிக் தன் சொந்த இன்ஜினோடு சந்தைக்கு வந்துவிட்டது. மோட்டாரையும் ஜெனரேட்டரையும் போட்டியாளரிடம் வாங்கிக்கொண்டே அவர்களோடு போட்டி போட வேண்டிய நிலை ஆல்கோவுக்கு. இரண்டாமிடத்தில் இருந்தவர்கள் மூன்றாமிடத்துக்கு வந்தார்கள். மூன்று பேர் பிழைக்கிற அளவு சந்தை அங்கே இல்லை. 1969-ல் கதவு சாத்தப்பட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஒரு சூதாட்ட விடுதி இருக்கிறது.

வரைபடங்கள் மட்டும் சாகவில்லை. முழு ரயில் இன்ஜினான லோகோவின் வடிவமைப்புகள் கனடாவின் மாண்ட்ரியலில் இருந்த துணை நிறுவனமான எம்எல்டபிள்யூவுக்குப் போயின. அது பிறகு பம்பார்டியர் கைக்குப் போய், 1985 வரை லோகோ செய்தது. 251 இன்ஜினின் உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் விஸ்கான்சினில் உள்ள ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் கம்பெனியிடம் சேர்ந்தது. இன்னொரு பிரதி அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் இந்திய ரயில்வே பெரிய அளவில் டீசல் வாங்க இறங்கியபோது ஆல்கோவும் இஎம்டியும் போட்டியில் இருந்தன. இருவரிடமும் 2,600 குதிரைத்திறன் இன்ஜின்கள் வாங்கப்பட்டன. இஎம்டியின் டபிள்யூடிஎம்-4 அருமையான வண்டி. 1969-ல் முதல் ராஜதானி எக்ஸ்பிரஸை இழுத்தது அதுதான். ஆனால் தொழில்நுட்பத்தை முழுசாகக் கற்றுக்கொடுத்து, இங்கேயே செய்யவிட ஒத்துக்கொண்டது ஆல்கோ. 1961-ல் வாரணாசியில் டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் தொடங்கியது. 1964 ஜனவரியில் அங்கிருந்து ஆல்கோ வடிவமைப்பில் செய்த முதல் டபிள்யூடிஎம்-2 வெளியே வந்தது, லால் பகதூர் சாஸ்திரி அதை அர்ப்பணித்தார். சொந்த ஊரில் கம்பெனி மூடியபோது வாரணாசி ஏற்கெனவே ஐந்து வருடம் இன்ஜின் செய்து கைதேர்ந்திருந்தது.

டபிள்யூடிஎம்-2 மட்டும் 2,600-க்கு மேல் ஓடியது. 16 சிலிண்டர், சுமார் 113 டன் எடை, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். கூட்ஸ், பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் என்று எதில் மாட்டினாலும் இழுக்கும். 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் விட்டபோது அந்த நீளமான ரயிலை டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே இழுத்தது சேர்த்துக் கட்டிய இரண்டு டபிள்யூடிஎம்-2.

நம் பக்கத்து மக்களுக்கு அதைவிட நெருக்கமானது அதன் தம்பி ஒய்டிஎம்-4. மீட்டர் கேஜ் இன்ஜின். அதே 251 குடும்பம், ஆனால் ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில். விழுப்புரத்துக்குத் தெற்கே மின்கம்பி இல்லாத காலத்தில் வைகை, பாண்டியன், நெல்லை, சோழன், ராக்ஃபோர்ட் எல்லாம் இதை நம்பித்தான் ஓடின. பாம்பன் பழைய பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம் போனதும் இதுதான், செங்கோட்டைக் கணவாய் ஏறியதும் இதுதான். 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் விட்டபோது மதுரையிலிருந்து காலையில் கிளம்பி மத்தியானம் சென்னையில் சாப்பிடலாம் என்பது அந்தத் தலைமுறைக்குப் பெரிய செய்தி. குறுகலான மீட்டர் கேஜில் அந்த வேகத்தைக் கொடுத்தது இந்த ஆறு சிலிண்டர்தான்.

சரி, எதனால் இவ்வளவு காலம் தாங்கியது?

பெரியப்பாவிடம் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “கையால பிரிச்சு கையால மாட்டலாம்டா, அதான்.” அதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

251 இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் தனிக்குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் தனி ஹெட், தனி லைனர், தனி இன்ஜெக்டர், டீசல் அடிக்கிற பம்ப் கூடத் தனி. டபிள்யூடிஎம்-2-ன் வலது வரிசை ஆர்-1 முதல் ஆர்-8, இடது வரிசை எல்-1 முதல் எல்-8. ஷெட்டில் “எல்-5 போயிருச்சு” என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஓடும் வழியில் ஒரு சிலிண்டர் மக்கர் செய்தால் அதன் பம்பை மட்டும் பூட்டிவிட்டு மீதி பதினைந்தை வைத்து வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். ஷெட்டில் மேல்கூரை மூடியைக் கழற்றி, கிரேனை மேலே கொண்டுவந்து, அந்த ஒரு ஹெட்டை மட்டும் தூக்குவார்கள். பக்கவாட்டில் கிராங்க் கேஸ் கதவு வழியாக ஒரு ஆள் உள்ளே கைவிட்டு கனெக்டிங் ராடின் போல்ட்டைத் தளர்த்துவார். தோள்வரை எண்ணெய். அப்புறம் பிஸ்டன் ராடோடு சேர்ந்து மேல்பக்கமாகக் கிளம்பி வரும். 9 அங்குல விட்டம் கொண்ட பிஸ்டன் அது, கிரேன் இல்லாமல் கை வைக்க முடியாது. புது லைனர், புது ரிங், புது சீல் போட்டு இறக்கினால் வேலை முடிந்தது. பக்கத்துச் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். கம்ப்யூட்டரும் வேண்டாம், வெளியூர் நிபுணரும் வேண்டாம்.

நோய் பார்க்கிற முறையும் ஷெட்டுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு லேப். இன்ஜின் வந்து நின்றதும் லூப் ஆயிலில் கொஞ்சம் எடுத்து அனுப்புவார்கள். எண்ணெயில் தண்ணீர் தெரிந்தால் லைனர் சீல் கசிகிறது. செம்பும் ஈயமும் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. இரும்பு கூடினால் ரிங், லைனர். இன்ஜின் வெளியே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தச் சின்ன பாட்டில் சொல்லிவிடும். பெரியப்பா மாதிரி ஆட்கள் அதற்கும் முன்னால் காதால் சொல்லிவிடுவார்கள். காலியாக ஓடும்போது வரும் அந்தத் தாளத்தில் ஒரு அடி பிசகினால் தலை திரும்பும்.

பாகங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தது அடுத்த காரணம், இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். செய்த கம்பெனி மூடிவிட்டால் பெரும்பாலான இயந்திரங்கள் பத்திருபது வருடத்தில் உதிரிபாகம் இல்லாமல் செத்துப்போகும். பால்டுவின் என்ற இன்னொரு கம்பெனியின் டீசல்கள் அமெரிக்காவிலேயே அப்படித்தான் போயின. ஆல்கோவுக்கு இந்தியாவில் அது நடக்கவில்லை. 1981-ல் பாட்டியாலாவில் டீசல் பாகங்களுக்கென்றே ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பழைய இன்ஜின்களை அங்கே அனுப்பி, எலும்பு வரைக்கும் பிரித்து, புதிதாகக் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிஸ்டன், லைனர், பம்ப், டர்போ எல்லாவற்றுக்கும் உள்நாட்டில் செய்கிறவர்கள் உருவானார்கள். அமெரிக்காவில் அனாதையான இன்ஜினுக்கு இங்கே ஒரு முழுத் தொழில் பின்னால் நின்றது.

அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டவும் இல்லை, வளர்த்தார்கள். லக்னோவில் ரயில்வேயின் ஆய்வு அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் ஆய்வகத்தில் 251-ஐ சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து, டீசல் பம்பைப் பெரிதாக்கி, எஃகுத் தலை பிஸ்டன் போட்டு, டர்போவை மாற்றி, எண்ணெய்ச் செலவைக் குறைத்தார்கள். 2,600-ல் தொடங்கிய அதே 16 சிலிண்டர் டபிள்யூடிஎம்-3ஏ-வில் 3,100 ஆனது, டபிள்யூடிஎம்-3டி-யில் 3,300 ஆனது. ஸ்கெனக்டடி எஞ்சினியர்கள் உயிரோடு வந்து பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள்.

குறையே இல்லாத இன்ஜின் என்று சொல்ல மாட்டேன். டிரைவர் அறையில் வெயில் காலத்தில் உட்காருவது தண்டனை. சத்தம் மண்டைக்குள் போகும். நீள மூக்கு முன்னால் வருகிற மாதிரி ஓட்டினால் சிக்னல் பார்க்கக் கழுத்தை நீட்ட வேண்டும். அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்வது இன்னொரு கவலை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பேட்டரியிலிருந்து கரண்டை மெயின் ஜெனரேட்டருக்குக் கொடுத்து, அதையே மோட்டாராக்கி, அந்தப் பெரிய கிராங்க் ஷாஃப்டைச் சுற்ற வேண்டும். லூப் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். பேட்டரி கொஞ்சம் சோர்வாக இருந்தால் அவ்வளவுதான். அதனால் மணிக்கணக்காக நின்றாலும் அணைக்க மாட்டார்கள். ஸ்டேஷன் ஓரத்தில் ஆளில்லாமல் உறுமிக்கொண்டே நிற்கும் இன்ஜினை எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி எரிந்துபோன டீசல் கொஞ்சநஞ்சமல்ல. பிற்காலத்தில் சின்னதாக ஒரு துணை இன்ஜினைப் பொருத்திப் பெரியதை அணைத்துவைக்க வழி செய்தார்கள்.

புகையைச் சொல்லாமல் ஆல்கோவைப் பற்றி எழுத முடியாது. கிளம்பும்போது டிரைவர் நாட்ச், அதாவது சக்தியைக் கூட்டும் படி, ஏற்றுவார். டீசல் உடனே சிலிண்டருக்குள் போய்விடும். ஆனால் காற்றைத் திணிக்கிற டர்போ, இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில்தான் சுற்ற வேண்டும். அது வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடி டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத மிச்சம் கன்னங்கரேலென்று தூணாக மேலே எழும். பிறகு டர்போவின் விசில் மெல்லக் கிளம்பும், உயரும், புகை வெளுக்கும், அடிக்குரலில் அந்தத் தாளம் இறுகும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். இஎம்டி இரண்டு ஸ்ட்ரோக், அது சீராக ஒரே முனகலாகப் போகும். அமெரிக்க ரயில் ரசிகர்கள் இந்தப் புகைக்காகவே ஆல்கோவுக்கு நீராவி இன்ஜின்களோடு கௌரவ உறவு கொடுத்துவைத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் முழுப் பாரத்தோடு ஒரு கூட்ஸ் ஏற்றத்தில் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் உடம்பிலேயே தங்கிவிடும்.

முடிவு இரண்டு தடவையாக வந்தது. முதலில் மீட்டர் கேஜுக்கு. தொண்ணூறுகளில் தொடங்கிய அகலப்பாதை வேலை ஒவ்வொரு பாதையாக விழுங்கியது. 2007-ல் பாம்பனில் அகல ரயில் ஓடியது. 2010-ல் செங்கோட்டை – புனலூர் நின்றது. அதே வருடக் கடைசியில் மதுரை – போடி நின்றது. ஒய்டிஎம்-4-களில் சில வடக்கே மிச்சமிருந்த மீட்டர் கேஜ் பாதைகளுக்குப் போயின, சில மியான்மருக்குப் போயின, மலேசியாவில் கூட ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடின. மீதி கழிவுக்குப் போயின.

அகலப்பாதை ஆல்கோக்களை முடிப்பது மின்கம்பி. இதற்கு முன்பே வாரணாசி கைமாறத் தொடங்கியிருந்தது. 1995-ல் ஜெனரல் மோட்டார்ஸோடு ஒப்பந்தம் போட்டு இஎம்டி வகை இன்ஜின் செய்ய ஆரம்பித்தார்கள். அறுபதுகளில் தோற்ற போட்டியாளர் திரும்பி வந்தது போல ஆனது. பிறகு பீகாரில் மர்ஹௌராவில் ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலை வந்தது. ஸ்கெனக்டடியில் ஆல்கோவை ஒதுக்கிய அதே இரண்டு பெயர்கள் இங்கேயும் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆல்கோ ரகசியம் எதையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்ததால் கிடைத்தது கூடுதலாக ஒரு ஆயுள். அதை நினைத்தால் மனசு நிறைகிறது.

2018-ல் அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு வேகம் கூடிவிட்டது. நான் மின்மயமாக்கலுக்கு எதிரி இல்லை. இறக்குமதி டீசலை எரிப்பதைவிட அது நல்லது, வண்டிக்கு இழுவையும் கூடுதல். என்னை வருத்துவது வேறு. ஒரு டீசல் லோகோவுக்கு ரயில்வே கணக்கில் ஆயுள் 36 வருடம். பதினைந்து இருபது வருடம்கூட நிறையாத டபிள்யூடிஎம்-3டி-கள் ஓடுவதற்கு வேலை இல்லாமல் நிற்கின்றன. தேய்ந்து போய்க் கழிவது ஒன்று. நல்ல உடம்போடு கழிவது இன்னொன்று. இரண்டாவதை ஷெட்டில் வேலை செய்தவர்களால் சுலபத்தில் ஜீரணிக்க முடிவதில்லை.

சிலவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 2020-ல் 10, 2023-ல் 20 என்று டபிள்யூடிஎம்-3டி இன்ஜின்கள் வங்கதேசத்துக்குக் கொடுக்கப்பட்டன. இரண்டு டபிள்யூடிஜி-3ஏ கூட்ஸ் இன்ஜின்களின் டீசலை எடுத்துவிட்டு, மின்சாரப் பாகங்கள் வைத்து, 10,000 குதிரைத்திறன் இரட்டை மின் இன்ஜினாக வாரணாசியில் மாற்றினார்கள். 2019 பிப்ரவரியில் பிரதமர் அதைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். சட்டமும் சக்கரமும் ஆல்கோ வம்சம், உள்ளே 251 இல்லை. எனக்கு அதை ஆல்கோ என்று சொல்ல வாய் வரவில்லை.

இலங்கையில் கதை இன்னும் கொஞ்சம் நீள்கிறது. 1975-ல் மாண்ட்ரியலிலிருந்து அங்கே போன எம்-4 இன்ஜின்கள் 14. 12 சிலிண்டர் 251, நீளமான உடம்பு. 1996-ல் வாரணாசி செய்து அனுப்பிய எம்-8 இன்ஜின்கள் நம் டபிள்யூடிஎம்-2-ன் உடன்பிறப்புகள். கனடா வழியாகப் போனதும் காசி வழியாகப் போனதும் ஒரே தண்டவாளத்தில் சந்தித்துக்கொண்டன. பாகிஸ்தானும் இதே காலத்தில் ஆல்கோ வாங்கிய நாடு. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே 251-ன் சத்தம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1959 முதல் வந்த 48 வகுப்பு இன்ஜின்கள் 165. அவற்றில் சில அரசாங்கத்திடமிருந்து தனியார் கைக்குப் போய், தானிய வண்டி இழுத்துப் பிழைத்துக்கொண்டன. பெருவில் மச்சு பிச்சுவுக்குப் பயணிகளைக் கொண்டுபோகிற மலை ரயிலில் ஆல்கோ இருக்கிறது.

பிறந்த நாட்டிலேயே ஆல்கோவுக்கென்று சில சின்ன ரயில்வேக்கள் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டனை மையமாக வைத்து ஓடும் டெலாவேர்-லாக்கவானா அப்படி ஒன்று. பெரிய ரயில்வேக்கள் தூக்கிப்போட்டதை எல்லாம் மலிவாக வாங்கி, பாகத்துக்குப் பாகம் சேர்த்துவைத்து, சரக்கு இழுத்துச் சம்பாதிக்கிறார்கள். அருங்காட்சியகம் நடத்துகிற மாதிரி இல்லை, தொழில் நடத்துகிற மாதிரி. அதனால்தான் அங்கே கை பழகின மெக்கானிக் இன்னும் இருக்கிறார்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்கோ தண்டவாளத்தில் இல்லை. ஃப்ளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தில் ராக்கெட்டைச் சுமந்து ஏவுதளத்துக்கு ஊர்ந்துபோகும் கிராலர் என்ற ராட்சத வண்டி, 1965-ல் செய்தது. நிலாவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டுகளை அதுதான் தூக்கிப்போனது. அதற்குள் இருப்பது 2,750 குதிரைத்திறன் கொண்ட இரண்டு 16 சிலிண்டர் ஆல்கோ 251. நம் டபிள்யூடிஎம்-2-க்குள் இருந்ததன் நேர் உறவு. ஈரோட்டில் ஒரு பிட்டர் திருகிய அதே லைனரையும் ஹெட்டையும் அங்கே ஒருவர் திருகியிருக்கிறார். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று முழுக்க வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த 18040 என்ற டபிள்யூடிஎம்-2 நிற்கிறது. நல்லது. ஆனால் பெயின்ட் அடித்து நிறுத்திய இன்ஜின் பாதி இன்ஜின்தான். தெற்கே ஒரு டபிள்யூடிஎம்-2, ஓடுகிற நிலையில், வருடத்துக்குச் சில நாள் பெட்டி மாட்டி ஓட்டுகிற மாதிரி வேண்டும். முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் பொன்மலையையே காட்டுவேன். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின், சுவிட்சர்லாந்தில் 1910-களில் போட்ட வடிவமைப்பு. பழையது தேய்ந்துபோனதும் பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் புத்தம் புதிதாகப் பற்சக்கர நீராவி இன்ஜின்களைச் செய்து மலையேற்றியது. அதைச் செய்த கைகளுக்கு ஒரு ஆல்கோவை உயிரோடு வைத்திருப்பது பெரிய வேலையே இல்லை. பாகங்கள் இப்போது கழிவாக ஏலத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எடுத்துவைப்பதென்றால் இப்போதே எடுத்துவைக்க வேண்டும். அதோடு கூட, ஓய்வுபெற்ற பிட்டர்களும் டிரைவர்களும் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சத்தத்துக்கு என்ன கோளாறு என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. நான் பெரியப்பாவிடமிருந்து தொடங்கிவிட்டேன். அவருடைய கூட்டாளிகள் சிலரும் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடுகிற ஆல்கோவைத் தமிழ்நாட்டில் கேட்க வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி. குன்னூருக்கு மேலே ஊட்டி வரை வண்டியைக் கொண்டுபோவது பொன்மலை ஷெட்டின் ஒய்டிஎம்-4. நீராவி இன்ஜினைப் படமெடுக்க அலைமோதுகிற கூட்டம் டீசல் மாட்டியதும் கேமராவை உள்ளே வைத்துவிடும். நீங்கள் வைக்காதீர்கள். இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் இடம் பிடித்து, கேத்தியை விட்டு லவ்டேலுக்கு ஏறும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆறு சிலிண்டரும் முழு நாட்சில் உழைக்கும்.